மரவள்ளி: பெயரும் பசியும்

கொச்சியில் 'கப்ப' என்றும், திருச்சூர்ப் பகுதியில் 'கொள்ளி' என்றும், குமரி மாவட்டத்தில் 'மரச்சீனி' என்றும், கொங்கு நாட்டில் 'குச்சிக்கிழங்கு' என்றும் வழங்கப்பெறும் மரவள்ளி, இம்மண்ணின் தொல்பயிர் அன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கு போர்ச்சுகீசியர் வழியே மலையாளக் கரையை அடைந்தது என்பர். புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர், பறம்புமலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கனுள் ஒன்றாக வள்ளிக்கிழங்கைச் சுட்டுகிறார். அது கொடியில் விளைவது, மரவள்ளியோ செடி. சர்க்கரைவள்ளியும் அமெரிக்கப் பயிரே. ஆகவே கபிலர் கூறும் வள்ளியைக் காட்டுவள்ளி போன்ற கொடியினமாகக் கொள்வதே பொருந்தும். புதிதாக வந்த கிழங்குக்குப் பழம்பெயரைத் தந்து, 'மரம்' என்னும் அடையால் மக்கள் வேறுபடுத்தினர். கொள்ளி, குச்சி என்பன தண்டை நறுக்கி நடும் முறையால் அமைந்த பெயர்கள் எனக் கருதலாம்.

பெயர் பெற்ற அளவில் பயிர் அன்றாட உணவாகிவிடவில்லை. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா இதனைப் பரப்ப முனைந்தார். கிழங்கில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. நன்கு வேகவைத்து நீரை வடித்துவிடல் வேண்டும். பயிரோடு இந்த அடுக்களை அறிவும் பரவ வேண்டியிருந்தது. மன்னரின் பெயரை நினைவிற்கொண்ட வரலாறு, அவ்வறிவை வளர்த்த பெண்களைப் பற்றிப் பேசுவதில்லை.

கொச்சியும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. மட்டாஞ்சேரிக் கடைத்தெரு அரிசி வணிகத்திற்குப் பெயர்பெற்றது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி போதாத வீடுகளில் சோற்றின் இடத்தைக் கப்ப பிடித்தது. அது வயிற்றை நிரப்பியது. உடலை முழுமையாகக் காக்கவில்லை. பச்சைக் கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கே உண்டு. மீன் வாங்க இயன்றோர்க்கு அக்குறை ஓரளவு நீங்கியது, இயலாதோர் நலிந்தனர். 1943-44இல் திருவிதாங்கூரில் நேர்ந்த உணவுப் பஞ்சத்தையும் அதனால் விளைந்த ஊட்டக்குறை நோய்களையும் கே.ஜி. சிவசாமி முதலியோர் ஆராய்ந்து நூலாக்கினர். கப்பயும் மீனும் கேரளத்தின் சுவைமிகு உணவாக இன்று போற்றப்படுகையில் இப்பின்னணி மறக்கப்படுகிறது.

அதே போர், அயல்நாட்டுச் சவ்வரிசி வரவையும் தடுத்தது. அதனால் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. அங்கே கிழங்கு பெரும்பாலும் ஆலைக்குச் சென்றது. மலையாளக் கரையில் அடுப்பிற்குச் சென்றது.