வண்டியில் தங்கிப் பயணம்: கொங்கு நாட்டில் கூண்டு வண்டி முதல் பழைய பிக்கப் வரை

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதன் சுமைத் தளத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் கேன், கூடுதல் பேட்டரி ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு நாள்கணக்கில் மலையும் காடும் சுற்றி வருவது, அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலும் சிலர் மேற்கொள்ளும் பொழுதுபோக்கு. இது அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து வந்த பழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பொழுதுபோக்கு என்ற அளவில் அது சரிதான். ஆனால், வண்டியை வீடாக்கும் கைத்தொழில் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. திருப்பூரைச் சுற்றி நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அத்தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் இன்பச் சுற்றுலாவின் பங்கு குறைவு. சந்தை, கோயில், கிணறு, துணி ஆகியவையே அதை நடத்தின.

கூண்டு வண்டி

மோட்டார் வருவதற்கு முன் கொங்கு விவசாயிக்குத் தொலைதூரப் பயணம் என்றால் பெரும்பாலும் மாட்டுச் சந்தை அல்லது திருவிழா. காங்கேயம் வட்டாரத்தில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தை, ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை ஆகியவை ஒரு நாளில் முடிபவை அல்ல. வந்தவர்கள் நாள்கணக்கில் வெட்டவெளியில் தங்கினர். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியில் இருந்து பழனிக்குக் காவடி எடுத்துச் செல்லும் பக்தர் கூட்டமும் சமையல் பாத்திரம், தானியம், விறகு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்லும் வழக்கம் உடையது.

இப்பயணங்களுக்கு உரியது கூண்டு வண்டி. மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, மேலே பாய் வேய்ந்து கூண்டு அமைப்பார்கள். வண்டித் தளத்தில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்தால் படுக்கை தயார். அதே வைக்கோல்தான் மாட்டுக்கும் தீனி என்பதால், பயணம் நீள நீளப் படுக்கை மெலிந்துகொண்டே வரும். இரவில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்த வேண்டும். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கும், அச்சுக்கு இடும் மசையும் தொங்கும். இன்று பிக்கப்பில் படுக்கை அமைப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களான மட்டம், எடை, மழை, வெளிச்சம் ஆகிய நான்கையும் கூண்டு வண்டி செய்த தச்சரும் எதிர்கொண்டிருக்கிறார்.

இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரம் பிற்காலத்தில் ரப்பர் டயருக்கு இடம் கொடுத்தது. பழைய மோட்டார் வண்டியின் அச்சையும் சக்கரத்தையும் கழற்றி மாட்டு வண்டியில் பூட்டினார்கள். ‘டயர் வண்டி’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஓய்ந்த மோட்டாரின் உறுப்பைக் கொண்டு வேறொரு வண்டியைச் செய்வது இங்கே பட்டறைகளின் பழைய பாடம்.

பாதியாக வந்த மோட்டார்

கொங்கு நாட்டு மோட்டார் வரலாற்றில் ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியது ஒரு முக்கிய நிகழ்வு. அக்காலத்திலும் அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கும் கனரக வண்டி என்பது முழுமையாக விற்கப்பட்ட பொருள் அல்ல. எஞ்சின், சட்டகம், சக்கரம், முன்பக்க மூடி ஆகியவற்றுடன் சேசிஸ் மட்டுமே வரும். ஓட்டுநர் அறையும் சுமைப் பெட்டியும் உள்ளூர்ப் பட்டறையில் மரத்தாலும் தகட்டாலும் கட்டப்படும். ‘பாடி கட்டுதல்’ என்ற சொல் இன்றும் அத்தொழிலைக் குறிக்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் ஆகிய ஊர்கள் லாரிக்கும், கரூர் பேருந்துக்கும் இத்தொழிலில் பெயர் பெற்றன. கரூர் கொசுவலைக்கும் பெயர் பெற்ற ஊர். வெளியில் இரவு தங்குபவர்களுக்கு இரண்டுமே உதவும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, சென்னை மாகாணத்துப் பேருந்துகளின் பின்புறத்தில் கரி வாயு அடுப்பைப் பொருத்தி ஓட்டினார்கள். தொழிற்சாலையில் செய்து வந்த வண்டியை உள்ளூரில் அடியோடு மாற்ற முடியும் என்பதற்கு அது பெரிய சான்று. அதே போரின்போது கோயம்புத்தூரிலும் சூலூரிலும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளங்கள் இயங்கின. போர் முடிந்ததும் நாடெங்கும் படைகளின் உபரி ஜீப்புகளும் லாரிகளும் விற்பனைக்கு வந்தன. 1945இல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்று, 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்றது அந்நிறுவனமே. பின்னாளில் அரசுத் துறைகள் ஏலம் விட்ட ஜீப்புகள் தோட்டக்காரர், ஒப்பந்தக்காரர், மலையூர் வாடகை ஓட்டுநர் ஆகியோர் கைக்குச் சென்றன. துணிக் கூரையைக் கழற்றித் தகட்டுக் கூரை போடுவது, பின்பக்கத்தை நீட்டிப் பெஞ்சு வைப்பது ஆகியவை பட்டறைகளுக்கு அன்றாட வேலைகள் ஆயின.

ரிக் வண்டி

இவ்வரலாற்றில் மிகக் குறைவாக எழுதப்பட்டதும், என் கருத்தில் மிக முக்கியமானதும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிதான்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறையால் ஆனது. கொங்கு நாட்டில் கிணறு வெட்டுவது என்றால் வெடி வைத்துப் பாறையைப் பிளப்பது. பாறையைத் துளைக்கும் வேகத்தை மாற்றியது காற்றழுத்தச் சுத்தியல். கம்ப்ரசரில் இருந்து குழாய் வழியே இறங்கும் காற்று, துளையின் அடியில் இருக்கும் சுத்தியலை இயக்கும்; அதே காற்று பாறைத் தூளையும் மேலே தள்ளிவிடும். 1967இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் இவ்வகைக் கருவிகளை விமானத்தில் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு பரவியது. அந்தத் தொழிலின் பெரும் மையமாகத் திருச்செங்கோடு வளர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட ரிக் வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை சென்றன. சில ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பல் ஏறின.

ரிக் வண்டி தனியாகச் செல்லாது. துளையிடும் கருவி ஒரு லாரியில், குழாய்களும் டீசலும் மளிகையும் துணை லாரியில் என்று இரண்டும் சேர்ந்தே நகரும். அந்தத் துணை லாரிதான் குழுவினரின் வீடு. அரிசி மூட்டை, அடுப்பு, தண்ணீர் டிரம், வெல்டிங் கருவி, மாற்று டயர், துணி காயப்போடும் கயிறு எல்லாம் அதில் இருக்கும். மழையில்லாத இரவில் வண்டியின் மேலும், வெயில் நேரத்தில் வண்டியின் அடியிலும் படுப்பார்கள். சமையலுக்கென்றே குழுவில் ஒருவர் இருப்பார். செல்லும் இடமோ தார்ச்சாலை அல்ல. உழுத வயல், வரப்பு, ஓடை, செம்மண் மேடு. இன்று காசு கொடுத்துத் தேடிப் போகும் கரடுமுரடான பாதைகளில் பல டன் எடையுள்ள லாரியை ஓட்டிச் சென்று, மட்டம் பார்த்து நிறுத்தி, அங்கேயே உண்டு உறங்கி, அடுத்த வயலுக்குப் போனவர்கள் இவர்கள்.

அவர்களுடைய வாழ்க்கையை முகாம் இன்பம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மாதக்கணக்கில் ஊருக்குத் திரும்ப முடியாது. கம்ப்ரசர் இரைச்சலும் கல்தூளும் உடலைக் கெடுக்கும். தொடக்கத்தில் சுற்றுவட்டார இளைஞர்கள் செய்த வேலையை இப்போது பெரும்பாலும் வடமாநிலத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். ஆனாலும் வண்டியில் எதை எங்கே வைப்பது, எது முதலில் கைக்கு வர வேண்டும், எது குலுங்கினால் உடையும் என்ற அறிவு இவர்களிடமே மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணக் கையேடுகளில் தேடும் பலவற்றை ஒரு துணை லாரியை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

பின்னலாடையும் பிக்கப்பும்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பது அரிது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங் ஒவ்வொன்றும் தனித்தனி இடம். ஒரு பனியன் முழுமை பெறுவதற்குள் அதன் துணி பலமுறை வண்டி ஏறி இறங்கும். 1980களில் ஏற்றுமதி பெருகிய காலமும், இந்தியாவில் சிறு சரக்கு வண்டிகள் பெருகிய காலமும் ஒன்றாக அமைந்தன. ஜப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி, டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான் வண்டிகள் வந்தன. டாடா 407 1986இல் வந்தது. 1988இல் வந்த டாடா மொபைல் 206 பிக்கப்பின் அடித்தளத்தில்தான் பின்னர் சியரா, சுமோ ஆகிய கார்கள் உருவாயின. 2005இல் டாடா ஏஸ் வந்தபின் குறுகிய சந்துகளும் மோட்டார் வண்டிக்குத் திறந்தன.

பின்னல் துணி இடத்தை அடைக்கும் அளவுக்கு எடை கூடியதல்ல. எனவே பக்கப் பலகைகளை உயர்த்தி, ஓட்டுநர் அறைக்கு மேலும் கம்பிச் சட்டம் நீட்டி, படுதா போட்டு மூடுவது திருப்பூர் வண்டிகளின் அடையாளமாயிற்று. சட்டம் உயர்ந்த அத்தளம் கூடாரத்தின் எலும்புக்கூடு போலவே இருக்கும். சாயப்பட்டறை வாசலில் முறைக்குக் காத்திருக்கும் ஓட்டுநர், துணிப் பொதிமேல் கண்ணயர்வது புதிய காட்சியல்ல.

பழைய வண்டியைத் தேர்ந்து மாற்றுதல்

பழைய பிக்கப்பை வாங்குபவருக்கு அதன் முந்தைய சுமை எது என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கல், மணல் ஏற்றிய வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளும் சட்டகமும் களைத்திருக்கும். துணி ஏற்றிய வண்டியில் அந்தக் களைப்பு குறைவு. ஆனால் திருப்பூர் வண்டிகளில் வேறொரு நோய் உண்டு. பருத்திக்குச் சாயமேற்ற உப்பு நிறையத் தேவை. உப்பு மூட்டையும் சொட்டும் ஈரத் துணியும் ஏற்றிய வண்டியில் தளத் தகடும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மேலே அடித்த புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும். வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

அடுத்து எடை. வண்டியைத் தூக்கலாகக் காட்டக் கூடுதல் பட்டை வைப்பது பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை. சுமையில்லாமல் ஓடும்போது அந்தப் பட்டை வண்டியைத் துள்ளவைக்கும், முதுகு தாங்காது. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று 20 கிலோ. நால்வருக்கு மூன்று நாள் தண்ணீர், பேட்டரி, சிலிண்டர், பலகைக் கட்டில் எல்லாம் சேர்ந்தால் எளிதில் பல நூறு கிலோ ஆகும். கனமானவை தளத்தோடு ஒட்டி, பின்னச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். கூரைமேல் கூடாரமும் ஸ்டெப்னியும் ஏற்றிய வண்டி மலை வளைவில் சாயும் அளவு ஓட்டுபவருக்கே அச்சமூட்டும். மேலும், இந்தப் பழைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்சக்கரத்தில் மட்டும் இயங்குபவை. 2016இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் இருந்து வந்த இசுசு வி-கிராஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளின் வேலையைப் பழைய துணி வண்டியிடம் எதிர்பார்க்கக் கூடாது. செம்மண் பாதை அதற்குப் போதும். ஆற்று மணல் வேண்டாம்.

சட்டமும் காடும்

பாதியாக வந்த வண்டியை உள்ளூர்க் கை முழுமையாக்கும் மரபுக்குச் சட்டம் படிப்படியாக எல்லை வகுத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்டபின், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்தில் எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்பக்கத்தில் பொருத்தும் இரும்புக் காப்புச் சட்டத்துக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்திருந்தது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டறையில் பற்றவைத்த இருக்கை விபத்தில் பெயர்ந்து வந்த கதைகள் ஏராளம். ஆனால் பெரிய நிறுவனம் செய்யும் சொகுசுக் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தரவிதி இருக்கும்போது, சிறு பட்டறை மேற்கொள்ளக்கூடிய எளிய, மலிவான ஒப்புதல் வழி தெளிவாக இல்லை என்பது குறைதான். எனவே, விவரமறிந்தவர்கள் எதையும் பற்றவைப்பதில்லை. கட்டிலையும் பெட்டியையும் சுமையைப் போல ஏற்றி, பட்டையால் இறுக்கி, தகுதிச் சான்று ஆய்வுக்கு முன் இறக்கிவிடுகிறார்கள். சுமைத் தளத்தில் ஆட்களை உட்காரவைத்துப் பயணிப்பது எப்படியானாலும் குற்றம். நின்ற வண்டியில்தான் படுக்கலாம்.

போகும் இடத்துக்கும் எல்லை உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அருகில் இருக்கும் மலையான ஆனைமலை, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் அதற்குள் வருபவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தபின், காட்டுக்குள் நுழைவதற்கான விதிகள் மேலும் இறுகின. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் வண்டி நிறுத்தி இரவு தங்குவது குற்றம். யானைத் தடத்தில் அடுப்பு மூட்டுவது அறியாமையும்கூட. நடைமுறையில், திருமூர்த்தி அணைக்கும் அமராவதி அணைக்கும் சுற்றியுள்ள தனியார் தோப்புகளே பொருந்தும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத் தங்கலாம்.

வாகன வகைப் பட்டியலில் ரிக், கம்ப்ரசர் பொருத்திய வண்டிகளுக்குத் தனி வரி இருக்கிறது. தனியார் பயன்பாட்டுக்கான கேம்பர் வேனுக்கும் ஒரு வரி இருக்கிறது. துணி ஏற்றி ஓய்ந்து, பலகைக் கட்டிலோடு தோப்பில் நிற்கும் பிக்கப், பதிவுச் சான்றில் இன்னும் சரக்கு வண்டிதான்.