மரச்சீனி: பெயர்களின் வழியே ஓர் உணவு வரலாறு

திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி, மத்திய கேரளத்தில் கப்ப, திருச்சூரில் கொள்ளி, மலபாரில் பூள, சேலத்தில் குச்சிக்கிழங்கு, பொதுத்தமிழில் மரவள்ளி. இத்தனை பெயர்களும் தென்னமெரிக்காவில் தோன்றி, போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கடற்கரையை அடைந்த ஒரே கிழங்கைக் குறிக்கின்றன. அயலிலிருந்து வந்த ஓர் உணவு எவ்வாறு அன்றாட உணவாகிறது என்பதற்கு இப்பெயர்களே முதற்சான்று.

மரவள்ளி, மரச்சீனி ஆகிய இரண்டின் அமைப்பும் ஒன்றே. முன்னரே அறிந்த வள்ளிக்கிழங்கு, சீனிக்கிழங்கு ஆகியவற்றின் பெயரோடு 'மரம்' என்னும் அடை சேர்ந்துள்ளது. கொடியாகப் படராமல் செடியாக நிமிர்ந்து வளர்வதே அதற்குக் காரணம். சீனிக்கிழங்கு எனப்படும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வள்ளி என்னும் சொல்லோ மிகப் பழையது. பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு எனப் புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் கூறுவனவற்றுள் மூங்கில்நெல், பலா, தேன் ஆகியவற்றுடன் வள்ளிக்கிழங்கும் உண்டு. புதிய கிழங்கு பழைய கிழங்கின் உறவாகவே மக்களின் மொழிக்குள் நுழைந்தது.

இதன் சாகுபடியைத் திருவிதாங்கூரில் பரவச் செய்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. தாவரவியலில் ஈடுபாடு மிக்க மன்னர் அவர். எனினும் மரச்சீனி நெல்லுக்கு மாற்றானது பின்னரே. இரண்டாம் உலகப் போரில், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இறக்குமதி அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் அடுப்பேறியது மரச்சீனியே.

அது பசியைத் தணித்தது. ஆனால் முழு உணவாகவில்லை. 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ 1 கிராம்தான். சயனைடை வெளிப்படுத்தும் சேர்மங்களும் அதில் உள்ளன. நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் நச்சின் பெரும்பகுதியை நீக்குகிறது. எஞ்சியதை உடல் முறிப்பதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றைச் சாளைமீன் கறி தருகிறது. 1981இல் மொசாம்பிக்கின் வறட்சிப் பகுதிகளில், சரிவரப் பதப்படுத்தாத மரவள்ளியையே பெரிதும் உண்டவர்களிடையே கால்களை முடக்கும் நோய் பரவியது. புரதக் குறைவும் அதற்கொரு காரணமாயிற்று. மரச்சீனியும் மீனும் என்னும் சேர்க்கை சுவைக்காக மட்டும் அமைந்ததன்று என்பதை இது உணர்த்தும்.

மரச்சீனி பரவிய அளவுக்கு, அதற்குப் பெயர் ஈந்த பழைய கிழங்குகள் அன்றாடத்திலிருந்து விலகின. காச்சில், சேம்பு, சேனை முதலியன இன்று பல கேரள வீடுகளில் ஒன்றாக இடம்பெறுவது திருவாதிரைப் புழுக்கில்தான். திருநெல்வேலியில் சிறுகிழங்கு பொங்கலோடு சேர்த்து நினைக்கப்படுவது. மலையாளத்தில் 'செறுகிழங்கு' என்பது வள்ளியினத்துக் கொடிக்கிழங்கு. திருநெல்வேலிச் சிறுகிழங்கோ மலையாளிகள் கூர்க்க என்று அழைக்கும் வேறொன்று. அன்றாடம் சமைக்கும் வீட்டில் இக்குழப்பத்துக்கு இடமில்லை. பயன்பாடு சுருங்கும்போது பெயருக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பும் தளர்கிறது. உணவுப் பரிந்துரைகளைப் பெயர்களை மட்டும் நம்பி எழுதுவோர் இதைக் கருத வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இக்கிழங்குகளில் பலவற்றைக் காத்து, புதிய வகைகளையும் உருவாக்குகிறது. அதன் மஞ்சள் சதை மரச்சீனி வகையொன்றின் பெயர் 'ஸ்ரீ விசாகம்'. 'பூ சோனா' என்னும் செம்மஞ்சள் சர்க்கரைவள்ளியில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உள்ளது. வைட்டமின் ஏ குறைபாட்டுக்கு இது நேரடி மருந்துணவு. ஆயினும் இவை ஆய்வகம் இட்ட பெயர்கள். மரச்சீனிக்குப் பெயரையும், வடிக்கும் முறையையும், துணைக்கறியையும் தந்தவை அடுக்களைகள். மறக்கப்பட்ட உணவுகளை மீட்க விரும்புவோர் சத்துப் பட்டியலோடு நின்றுவிடாமல், அந்த அடுக்களை அறிவையும் பதிவு செய்தாக வேண்டும்.