புழுதியும் தீர்ப்பும்

1905ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லூயிசா கவுண்டி. மண் ஆய்வுக்குப் போன ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற இளம் அரசு ஊழியர், அடுத்தடுத்துக் கிடந்த இரண்டு நிலங்களைப் பார்த்து நின்றுவிட்டார். காட்டுக்குள் மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது, கையாலேயே தோண்டலாம். பக்கத்து வயலோ களி இறுகிக் கிடந்தது. இரண்டும் ஒரே சரிவு, ஒரே பாறையில் பிறந்த மண். உழுத நிலத்தில் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை மெல்லிய படலமாக உரித்துக்கொண்டு போயிருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. ஓடை விழுந்தால் கண்ணில் படும். இது யார் கண்ணிலும் படவில்லை. அவர் வேலை பார்த்த மண் துறையே 1909இல், மண் அழியாத சொத்து என்று அச்சிட்டு வெளியிட்டது. பென்னட் கால் நூற்றாண்டுக்கு மேல் மறுத்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் பேச்சு எடுபடப் புழுதி வர வேண்டியிருந்தது. கோதுமைக்காகப் புல்வெளியை உழுது தள்ளிய மத்தியச் சமவெளியில் 1930களில் மழை பொய்த்தது. காற்று மண்ணை வாரிச் சென்றது. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப்புயலில் பட்டப்பகல் இருண்டது. அதே மாதம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஆனால் நிலக்காரருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. விளைச்சல் மிகுந்து விலை சரிந்ததால், சாகுபடியைக் குறைப்பவருக்குப் பணம் என்று 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு சட்டம் போட்டது. பஞ்சாலை, மாவு ஆலை போன்றவற்றின் மீது விதித்த வரிதான் அதற்கு நிதி. 1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அது தேர்தல் ஆண்டு. எட்டு வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 29 அன்று, புதுச் சட்டம் தயார். பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை ஆகியவை மண்ணைத் தேய்க்கும் பயிர்கள். பயறு வகையும் புல்லும் மண்ணைக் காக்கும் பயிர்கள். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறுபவருக்குப் பணம். மண்ணைத் தேய்க்கும் பயிர்களாகச் சொல்லப்பட்டவைதான் சந்தையில் தேங்கிக் கிடந்தவையும். இதை வெறும் சட்டத் தந்திரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பென்னட் வயல் வயலாக நடந்து திரட்டிய சான்றுகள் இல்லாதிருந்தால், அந்தக் காரணத்தைச் சொல்லவே வாய் வந்திருக்காது.

வலிக்கும் பக்கம் ஒன்று இதில் உண்டு. தெற்கின் பருத்திக் காட்டில் உழுதவர்கள் வாரக்குடிகள். 1933 திட்டத்தின் பணம் பெரும்பாலும் நிலக்காரர் கையோடு நின்றது. பயிர் குறைந்ததும் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரான்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகச் சேர்ந்து சங்கம் கண்டது இதனால்தான். சாகுபடியைக் குறைக்கக் கொடுத்த காசு, நிலத்தில் பாடுபட்டவரைத் துரத்த உதவியதை எந்தச் சாக்குச் சொல்லியும் மன்னிக்க முடியாது.

மண்ணைக் காக்கத் தரும் பணத்தில் பிறப்பிலேயே கலந்துவிட்ட விலைக் கணக்கு பிறகும் விலகவில்லை. தானியம் தேங்கியபோது நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்குபவருக்குப் பணம் தரும் ‘மண் வங்கி’ 1956இல் வந்தது. 1970களில் ஏற்றுமதி சூடுபிடித்ததும் சரிவுகளைக்கூட உழுதார்கள். மறுபடி விலை சரிந்த 1985இல், எளிதில் அரிக்கப்படும் நிலத்தில் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை அரசே வாடகை தரும் திட்டம் சட்டமானது. 2007இல் 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல் அதில் இருந்தது. அடுத்து தானிய விலை ஏறியது. சட்டமும் ஏக்கர் வரம்பைக் குறைத்தது. பத்தாண்டுக்குள் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் வெளியேறிவிட்டது. மேல்மண் ஓர் அங்குலம் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்கிறது மண்ணியல். மிகச் சரிவான நிலங்களையாவது தவணை ஒப்பந்தத்திலிருந்து எடுத்து, நிரந்தரமாகப் புல்லுக்கே விட விலை கொடுக்க வேண்டும்.