பானைக்குள் இருக்கும் வரலாறு: ஷிடல் கருவாடும் மாலோ மக்களின் நீரும்

கருவாடு வறுக்கும்போது சன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்த அனுபவம் வாடகை வீட்டில் வாழ்ந்த நம்மில் பலருக்கு உண்டு. மூக்கைப் பொத்துகிறவர்கள், அந்த வாசனைக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கிறது என்று நினைத்ததே இல்லை. நாமும் அதை வரலாறாக எழுதியது குறைவு. இந்த முறை வங்கம், அசாம், திரிபுரா பகுதிகளின் ஒரு நன்னீர்க் கருவாட்டைப் பார்ப்போம். அதன் பெயர் ஷிடல்.

புண்ட்டி என்று அங்கே அழைக்கப்படும் சிறு கெண்டை மீன்தான் மூலப்பொருள். மழைக்காலத்தில் வயலும் ஆறும் ஏரியும் ஒன்றாகிக் கிடக்கும் நாடு அது. வெள்ளம் வடியும்போது மீன் குவியலாகக் கிடைக்கும். அடுத்த சில நாளில் அழுகிவிடும். அதைப் பல மாதம் ருசி கெடாமல் காப்பது எப்படி? இதற்கு அவர்கள் கண்ட வழியில் உப்பே கிடையாது.

மீனின் குடலை எடுக்கும்போது அதிலுள்ள கொழுப்பை வீசுவதில்லை. தண்ணீர் விட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெயை மண்பானையில் பூசி வெயிலில் காயவைத்து, மறுபடி பூசி, மண் இனி எண்ணெய் குடிக்காது என்கிற வரை பல நாள் செய்கிறார்கள். வெயிலில் உலர்ந்த மீனை லேசாக நனைத்து, நீர் வடியவிட்டு, காற்றுப் புகாமல் பானைக்குள் அழுத்தி நிரப்புகிறார்கள். கருவாட்டுத் தூளைப் பிசைந்து வாயில் அப்பி, இலை வைத்து, மண்ணால் மூடுகிறார்கள். நான்கு முதல் ஆறு மாதம் அது புளித்துப் பக்குவமாகிறது.

பானைக்கு எண்ணெய் பூசாவிட்டால் மண் மீனின் கொழுப்பை உறிஞ்சிவிடும். சதை வறண்டு ருசி போய்விடும். மண்ணின் நுண்துளை வழியே காற்றுப் புகுந்தால் மீன் கறுத்துக் காறல் அடிக்கும். எண்ணெய்ப் பூச்சு இரண்டையும் தடுக்கிறது. இதைப் பரிசோதனைக்கூடம் கண்டுபிடிக்கவில்லை. பல தலைமுறையாக மீனவ மக்களின் கைகள் கண்டுபிடித்தன.

யார் அந்த மக்கள்? அந்த ஆறுகளில் மீன்பிடித்து வாழ்ந்த சாதிகளில் முக்கியமானவர்கள் ஜாலிய கைவர்த்தரும் மாலோக்களும். 1936-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பட்டியல் சாதிகள் ஆணையில், வங்க மாகாணத்துக்கான பட்டியலில் இந்த இரு பெயர்களும் இருக்கின்றன.

மீனைக் காக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. மீன் வாழும் நீர் அவர்களிடம் இல்லை. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின் வங்கத்தின் நீர்நிலைகள் பலவற்றில் மீன்பிடி உரிமை ஜமீன்தார்கள் கைக்குப் போனது. அசாமில் 1886-இன் நில வருவாய்ச் சட்டம், எந்த நீர்நிலையையும் அரசின் மீன்பிடித் துறையாக அறிவிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்தது. வலை வீச வேண்டுமானால் குத்தகைப் பணம் வேண்டும் என்றாயிற்று.

இந்த வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் அத்வைத மல்லபர்மன். 1914-இல் திதாஸ் ஆற்றங்கரையில் ஒரு மாலோ குடும்பத்தில் பிறந்தார். 1951-இல் காசநோயால் இறந்தார். 'திதாஸ் ஒரு நதியின் பெயர்' என்ற அவரது நாவல் 1956-இல்தான் நூலாக வந்தது. ஆறு தூர்ந்து திட்டு எழும்போது வலிமையுள்ளவர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, மாலோ கிராமம் அழிவதை அது சொல்கிறது. 1973-இல் ரித்விக் கட்டக் அதைத் திரைப்படமாக்கினார்.

சுதந்திரத்துக்குப் பின் 1953-இன் அசாம் மீன்வள விதிகளில், பதிவு பெற்ற மீன்பிடித் துறைகளில் ஒரு பகுதி பட்டியல் சாதி மீனவர் கூட்டுறவுகளுக்கும் கச்சார் பகுதியின் மைமல் முஸ்லிம் மீனவர்களுக்கும் ஒதுக்கப்பட்டது. பிடுங்கப்பட்ட நீரில் ஒரு பங்கு, உரிமையாகத் திரும்பி வந்தது.

தோழர்களே, 'பாரம்பரிய உணவு' என்று இன்று கருவாட்டைக் கொண்டாடுகிறவர்கள் கூடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் நீர் யாருடையது என்று கேட்காத கொண்டாட்டம், பானையை வைத்துக்கொண்டு அதைச் செய்த கையைத் தள்ளிவிடும். உங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பாட்டி கருவாட்டை எப்படிப் பக்குவம் செய்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் பக்கங்கள்தான்.