அச்சத்தின் மருத்துவம்: அபூஸைத் அல்பல்கீ காட்டிய வழி

பல்க் நகரையடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில் பிறந்தவர் அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. இராக் சென்று கல்வி கற்றவர். அல்கிந்தீயின் மாணவராகக் குறிக்கப்படுபவர். ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்தார். நிலவரை வல்லுநர் என்ற அளவிலேயே பலர் அவரை அறிவர். ஆயின், 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' என்ற அவருடைய நூல் உடல்நலம், உளநலம் இரண்டையும் ஒருசேரப் பேசுவது. உள்ளத்துக்கென அதில் எட்டு இயல்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனித்து உள்ளத்தைக் கைவிட்டனர் என்பது அவருடைய முறையீடு. உடல்நோய் சிலரைச் சில காலமே பற்றுகிறது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றினின்று தப்பியவர் எவருமிலர். துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று இழப்பினால் வருவது. மற்றது காரணம் புலப்படாமல் வருவது. பின்னதற்கு உடல் மருந்தும் வேண்டும் என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேறுபாடு இது.

உளநோய்க்கு அவர் கூறும் சிகிச்சை இருவகை: மனிதன் தனக்குத்தானே ஊட்டிக்கொள்ளும் எண்ணம், வெளியிலிருந்து பிறர் வழங்கும் சொல். பிறர் சொல் எதற்கு? கலங்கியவனின் சிந்தனை அவனுடைய கலக்கத்தோடு கலந்துவிட்டது; ஆகவே தன் அறிவுரையைவிடப் பிறர் அறிவுரையே அவனிடம் எடுபடும் என்பது அவர் விடை. 'மனத்திடம் இருந்தால் தானே சரியாகிவிடும்' என்போருக்கு இதனினும் நல்ல மறுமொழியை நாம் கண்டதில்லை.

அச்ச இயலில் ஓர் உவமை வருகிறது. வெயில் நாட்டிலிருந்து குளிர்நாடு செல்பவன் முதன்முறையாக மூடுபனியைக் காண்கிறான். ஊடுருவ இயலாத திண்பொருள் என அதனை எண்ணுகிறான். உள்ளே நடந்த பின்னர்தான், தான் வழக்கமாகச் சுவாசிக்கும் காற்றே ஈரமாய் நிற்பதை அறிகிறான். அஞ்சும் பொருளைக் கண்ணுக்கும் செவிக்கும் மீண்டும் மீண்டும் பழக்கி, அதனருகே சென்று சென்று, அச்சம் தேயும்வரை பயில வேண்டும் என்பது அல்பல்கீயின் முறை. பேரழிவு, வன்முறை, விபத்து ஆகியவற்றில் உள்ளம் புண்பட்டோரின் நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகப் பட்டியலிட்டது 1980-இல்தான். அல்பல்கீ அந்நோயைத் தனித்துப் பேசினார் எனல் மிகையாகும். அதற்கான சிகிச்சையின் ஒரு கால் அவர் நூலில் ஊன்றியிருக்கிறது என்பது மிகையன்று.

நூலில் இருந்தது நிறுவனத்திலும் இருந்தது. திமிஷ்கில் 1154-இல் நூருத்தீன் ஸங்கீயும், கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூனும் நிறுவிய பீமாரிஸ்தான்களில் உளநோயாளருக்கு இடமிருந்தது. அங்கெல்லாம் சங்கிலியே இல்லை என்று பெருமை பேச நாம் துணியமாட்டோம். மூர்க்கங்கொண்டோர் பிணைக்கப்பட்ட செய்திகளும் உண்டு. எனினும் அவர்கள் நோயாளிகள், வக்ஃபின் விருந்தினர். மருத்துவர் அவர்களை நாடிச் சென்றார். நம் ஏர்வாடியிலோ 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகமொன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டுண்டிருந்த உளநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுத்துள்ளது.

'ஈமான் உள்ளவன் மருத்துவரிடம் ஏன் செல்ல வேண்டும்?' என்ற வினா நம் மஹல்லாக்களில் இன்னும் கேட்கிறது. முதல் வஹீ அருளப்பட்ட இரவை நினைவுகூர்வோம். அதனை நோயென்று கூற, அல்லாஹ் காப்பானாக, நாம் வரவில்லை. நடுக்கத்துடன் வந்த பெருமானாரிடம் (ஸல்) ஒருவரும் உடனே விளக்கம் கேட்கவில்லை. முதலில் போர்வை, பின்னர் அச்சம் தணியும்வரை பொறுமை, அதன் பின்னரே செய்தி. கதீஜா நாயகி (ரலி) அவர்களுடைய நற்பண்புகளை எடுத்துரைத்து ஆறுதல் கூறினார்கள்; பிறகு, அறிந்தவரான வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

இன்று உளக்காயத்துக்குச் சிகிச்சை தொடங்குபவர் எதிர்பார்க்க வேண்டிய ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே. முதல் நாளிலேயே நடந்ததனைத்தையும் கூறும்படி நல்ல மருத்துவர் வற்புறுத்தமாட்டார். உறக்கம் எப்படி, வீட்டில் பாதுகாப்பு உண்டா, தற்கொலை எண்ணம் எழுகிறதா என்பவற்றையே முதலில் வினவுவார். மூச்சைச் சீராக்கவும், கலங்கும்போது நிகழ்காலத்துக்கு மீளவும் பயிற்றுவார். பின்னரே நினைவை அணுகுவது, அதுவும் படிப்படியாக. கூறுவது அமானிதம், உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளை அவர் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிடில் நாம் கேட்கலாம். இங்கிலாந்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி இச்சிகிச்சைக்குப் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் எனக் குறிக்கிறது; பலமுறை துன்புற்றோருக்குக் கூடுதலாகும்.

நினைவைத் தொடும் வாரங்களில் கனவும் கலக்கமும் சற்று மிகலாம். பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். மூடுபனியின் விளிம்பில் நின்று திரும்புபவன் அதனைக் கல்லென்றே எண்ணிச் செல்கிறான். தாங்க இயலவில்லையெனில் அதனை மருத்துவரிடமே கூறி வேகத்தைக் குறைக்கச் செய்யலாம். மருத்துவர் பொருந்தவில்லையெனில் வேறொருவரை நாடலாம். தொழுகையும் திக்ரும் உடன்வரட்டும். அவற்றைக் கைவிடும்படி எந்த மருத்துவமும் கேட்பதில்லை.

திடீர் நோய்க்கென மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதுபோல, அமைதியான நாள்களில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்குமாறு அல்பல்கீ கூறியிருந்தார். இன்றைய மருத்துவர்கள் பலர் முதற்சில அமர்வுகளில் ஒரு தாளைக் கொடுத்து, கலக்கம் வரும்போது யாரை அழைப்பது, எதை நினைப்பது, எங்கே சென்று அமர்வது என எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கின்றனர்.