பூம்பாவை காண அழைத்த விழாக்கள்

தமிழகத்துத் திருக்கோயில் விழாக்களின் வரலாற்றை அறியப் புகுவார்க்குக் கல்வெட்டுக்கள் ஒருபுறமும் திருமுறைகள் ஒருபுறமும் துணைநிற்கின்றன. திருமுறைகளுள் திருஞானசம்பந்தப் பெருமான் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. ஒரே ஊரில், ஒரே கோயிலில், ஓராண்டில் நிகழ்ந்த விழாக்களைத் திங்கள் முறையே அது நிரல்பட மொழிகின்றது. 7ஆம் நூற்றாண்டில் மயிலையில் மக்கள் எவ்வெந் நாளில் கூடினர், எங்ஙனம் கொண்டாடினர் என்பதை இன்று நாம் அறிய உதவும் நேர்ச்சான்று அப்பதிகமே ஆகும்.

அதனைப் பாடிய சூழ்நிலை அன்பர்கள் அறிந்ததே. மயிலை வணிகராகிய சிவநேசர் தம் ஒரே மகள் பூம்பாவையைச் சம்பந்தப் பிள்ளையாருக்கே உரியவளாக எண்ணி வளர்த்தார். மலர் கொய்யச் சென்ற அப்பெண் அரவு தீண்டி மாண்டாள். ஈமத்தில் எஞ்சிய என்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் காத்துவந்த தந்தை, பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளியபோது அக்குடத்தைத் திருமுன் வைத்தார். இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

அக்குடத்தை நோக்கிப் பிள்ளையார் கூறியது யாது? உடலின் நிலையாமையை அவர் உரைத்தாரல்லர். வினைப்பயனை எடுத்துக் காட்டினாரும் அல்லர். ஊரில் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதனைக் காணாமலோ போகின்றாய் என்று அப்பெண்ணையே வினவினார். ஓர் இளம்பெண் மீண்டு வருதற்கு ஆண்டின் திருநாட்களே போதிய காரணம் என்று அவர் திருவுளம் கொண்டார் போலும்! கேட்பவள் மயிலையிற் பிறந்து வளர்ந்த பெண்ணாதலின், பாட்டில் மயிலை மகளிரே முன்னிற்கின்றனர். கார்த்திகையில் விளக்கிடுவோரும் அவரே. தைப்பூசத்தில் நெய் பெய்த சோறு சமைத்துக் கொண்டாடுவோரும் அவரே. சங்கரின் கோயில் விழா இல்லத்து அடுக்களை வரையில் பரவியிருந்த நிலையை இதனால் உணரலாம்.

முதற் பாட்டு அடியார்க்கு அமுதூட்டும் சிறப்பைக் கூறுகின்றது. அதன்பின் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரைநாள், தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் ஆகியவை திங்கள் வரிசையில் தொடர்கின்றன. இறுதியில் அட்டமிநாள், பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என்பன வருகின்றன.

இவற்றுள் கார்த்திகை முதல் பங்குனி வரையிலான ஐந்தும் முழுமதியை ஒட்டிய நாண்மீன்களில் அமைந்தவை. ஞாயிறு விருச்சிகத்தில் நிற்கும் கார்த்திகைத் திங்களில் முழுமதி அதற்கு நேர் எதிரில் இடபத்தில் நிற்கவேண்டும். கார்த்திகை மீன் அங்கேதான் உளது. ஞாயிறு மகரத்தில் நிற்கும் தையில் முழுமதி கடகத்துப் பூசத்தை ஒட்டி நிற்கும். ஞாயிற்றைக் கொண்டு திங்களையும், சந்திரனைக் கொண்டு நாளையும் வரையறுத்து, இரண்டையும் ஒரு விழாவில் இணைத்த நுட்பம் பாராட்டுதற்கு உரியது. இரவு விழாவுக்கு நிலவொளி தானே வாய்த்துவிடும் என்பது உடன்கிடைத்த பயன். சம்பந்தர் காலத்துக்கு முன்னரே இம்முறை வேரூன்றியிருந்தது. திங்களும் அறுமீனும் சேரும் நாளில் எடுத்த விளக்கு விழாவை அகநானூறு கூறுகின்றது. ஆதிரை விழாவைப் பரிபாடல் கூறுகின்றது.

எனினும் மீனும் முழுமதியும் எல்லா ஆண்டும் ஒரே நாளில் பொருந்துவதில்லை. அவை பிரியும்போது எதனைக் கொள்வது என்ற வினா எழும். சிவாலயங்கள் பெரும்பாலும் கார்த்திகை மீன் மாலையில் நிற்கும் நாளைக் கொள்ளும். பாஞ்சராத்திர முறையில் அமைந்த திருமால் கோயில்கள் பௌர்ணமியைக் கொள்ளும். அண்ணாமலையில் தீபம் ஏற்றிய மறுநாள் திருமால் கோயிலில் சொக்கப்பனை கொளுத்துதல் இதனால் நேர்வது. இதனோடு வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற வேறுபாடும் சேரும். சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 19ஆம் நூற்றாண்டில் கண்கூடான கணிதத்தை வற்புறுத்தினார். ஆயினும் கோயில்கள் பல இன்றும் வாக்கியத்தையே பின்பற்றுகின்றன. நாழிகைக் கணக்கில் தோன்றும் சிறு வேறுபாடு சில ஆண்டுகளில் விழாவையே ஒருநாள் தள்ளிவிடும். குழம்பும் அன்பர்கள் தத்தம் கோயில் மரபைக் கேட்டு நடத்தலே தக்கது.

இனி ஐப்பசி ஓணத்தைக் காண்போம். ஐப்பசியில் திருவோணம் முழுமதியில் வாராது. வளர்பிறையின் நடுப்பகுதியில் வரும். ஓணம் திருமாலுக்கு உரிய நாள் என மதுரைக்காஞ்சி கொள்ளும். அந்நாளில் சிவபெருமான் திருக்கோயிலில் விழா எடுத்து, அருந்தவத்தோரை உண்பித்தனர் என்பது பதிகத்தால் தெரியவரும் அரிய செய்தி. இன்று சிவாலயங்களில் ஐப்பசி ஓணம் பெருவிழாவாகக் கொண்டாடப்பெறுவதில்லை. ஐப்பசி என்றால் முழுமதியன்று நிகழும் அன்னாபிடேகமும் கந்தசட்டியுமே நினைவுக்கு வருகின்றன. ஓணத்திற்கு இரு நாள் கழித்து வரும் சதயமோ, முதலாம் இராசராசன் பிறந்த நாண்மீனாதலின், தஞ்சையில் இன்றும் விழாவாக விளங்குகின்றது. ஒரு மீன் மறக்கப்பட்டது; அருகிலுள்ள மீன் நிலைத்தது.

விழா நிலைப்பதற்கு அதனைத் தாங்குவார் வேண்டும் என்பதைப் பழையோர் நன்குணர்ந்திருந்தனர். ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் செய்த சோழர்காலக் கல்வெட்டுக்கள் பல. ஆட்டின் தொகை குறையாமல் காக்கும் பொறுப்பை ஏற்றவன் பெயரும் கல்லில் வெட்டப்பெற்றது. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாகும், மூக்கும்; அறம் அவ்வாறு ஆகலாகாது என்பதே கருத்து.

தைப்பூசம் மறையாது பெருகியது. இன்று அது முருகனடியார் காவடி ஏந்தும் திருநாளாகப் பழனியில் சிறக்கின்றது. வடலூர் வள்ளலார் சத்திய ஞான சபையில் 1872ஆம் ஆண்டு வழிபாடு தொடங்கியதும் தைப்பூசத்தன்றே. மயிலையில் அந்நாளை ஒட்டித் தெப்பவிழா நிகழ்கின்றது. மாசிக் கடலாட்டின் வரலாறு வியப்புக்குரியது. பதிகம் பாடிய காலத்துக் கோயில் கடலை அடுத்திருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கடற்கரையில் ஊன்றியபின் அக்கோயில் அழிந்தது. சாந்தோம் பகுதியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளே எஞ்சின. மேற்கே தள்ளி இன்றைய கோயில் எழுந்தது. கோயில் இடம்பெயர்ந்தும் விழா பெயரவில்லை. மாசிமகத்தன்று பெருமான் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தங் கொடுக்கின்றார்.

விரத நாட்களின் இயல்பு வேறு. விழாவுக்கு மீன் முதன்மையாதல் போல விரதத்திற்குப் பெரும்பாலும் திதியே முதன்மை. அத்திதி உரிய வேளையில் நிற்கவேண்டும் என்பது விதி. விநாயக சதுர்த்திக்கு நண்பகல், பிரதோடத்திற்கு ஞாயிறு மறையும் வேளை, சிவராத்திரிக்கு நள்ளிரவு. ஏகாதசியிலோ, ஞாயிறு எழுதற்கு 4 நாழிகை முன்னதாகிய அருணோதயத்தில் தசமி கலந்திருந்தால் அன்று நோன்பு கொள்ளலாகாது என்பது வைணவர் கொள்கை. சுமார்த்தர் சூரிய உதயத்தையே நோக்குவர். ஒரே ஊரில் அடுத்தடுத்த இரு நாட்களில் ஏகாதசி வருவதன் காரணம் இஃதே. சிவராத்திரியோ சட்டியோ பூம்பாவைப் பதிகத்தில் இடம்பெறவில்லை. பிள்ளையார் அப்பெண்ணை உண்ணா நோன்புக்கு அழைக்கவில்லை. உண்டும் ஊட்டியும் மகிழும் நாட்களுக்கே அழைத்தார்.

ஈற்றில் உள்ள மூன்றும் ஆராய்ச்சிக்கு இடமானவை. அட்டமிநாள் எத்திங்களுக்கு உரியது என்று பாட்டில் இல்லை. மதுரையில் மார்கழித் தேய்பிறை அட்டமியில் சப்பரம் உலாவந்து, எல்லா உயிர்க்கும் படியளத்தலாக அரிசி இறைக்கும் வழக்கம் ஈண்டு நினைக்கத்தகும். பொற்றாப்பினைப் பொன்னூசல் என்பர். பெருஞ்சாந்தியைக் கும்பாபிடேகம் என்று கொள்வாரும், ஆண்டுதோறும் குறைநீக்கத்தின் பொருட்டு நிகழும் பவித்திர விழா என்று கொள்வாரும் உளர். முன்னதே பொருளாயின், பன்னீராண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் அக்காட்சியை இறுதியில் வைத்துப் பிள்ளையார் அழைத்தார் என்றாகும்.

பங்குனிப் பெருவிழாவின் 8ஆம் நாள் காலையில் மயிலைத் திருக்குளத்தருகே இவ்வரலாறு இன்றும் நிகழ்த்திக் காட்டப்பெறுகின்றது. ஓதுவார் பதிகத்தைப் பாடுகின்றனர். குடத்தினின்று பூம்பாவை எழுகின்றாள். அன்று பிற்பகலில் அறுபத்துமூவர் திருவுலா தொடங்குகின்றது. வீதியில் நிற்பார்க்கு நீரும் மோரும் அன்னமும் வழங்கும் பந்தல்கள் மாடவீதி நெடுகிலும் அமைந்துள்ளன.