பளிச்சொளி நினைவு

பலரையும் உலுக்கிய ஒரு பொதுச்செய்தி காதில் விழுந்தபோது எங்கே இருந்தோம், என்ன செய்துகொண்டிருந்தோம், யார் சொல்லி அறிந்தோம் என்பவை பல்லாண்டுகள் கழித்தும் நேற்று நடந்ததுபோல் மனத்தில் நிற்பதுண்டு. இப்படித் தங்கிவிடும் நினைவுக்கு உளவியலில் பளிச்சொளி நினைவு என்று பெயர். 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் வெளியிட்ட கட்டுரை இதை 'ஃபிளாஷ்பல்ப் நினைவு' என்று அழைத்தது. பழைய கேமராக்களில் பளீரென்று எரிந்து அணையும் பல்பிலிருந்து எடுத்த பெயர் அது. ஃபிளாஷ் அடித்தால் முகம் மட்டுமா படத்தில் விழுகிறது? பின்சுவரில் தொங்கும் காலண்டரும் சேர்ந்து விழுகிறது. அதுபோல, அதிர்ச்சி தாக்கிய கணத்தில் மூளை முக்கியமானதையும் அற்பமானதையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது என்று அவர்கள் கருதினார்கள். பெயர் நிலைத்துவிட்டது, கருத்து நிலைக்கவில்லை. அதன்பின் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த நினைவின் தெளிவும் அதை வைத்திருப்பவரின் உறுதியும் மெய்தான், ஆனால் அந்த உறுதியை வைத்துத் துல்லியத்தை அளக்க முடியாது என்பதே தெரியவருகிறது.

பெயருக்கு முன்பே பொருள் கவனத்துக்கு வந்திருந்தது. ஆபிரகாம் லிங்கன் 1865 ஏப்ரலில் சுடப்பட்டார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று கோல்கிரோவ் என்ற ஆய்வாளர் 179 பேரிடம் விசாரித்தார். 127 பேர் இடம், நேரம், உடன் இருந்தவர் என்று விவரமாகச் சொன்னார்கள். 1899-இல் வெளியான அந்த முடிவு வியப்பூட்டியது. பிரவுனும் குலிக்கும் வெள்ளையர் 40 பேர், கறுப்பர் 40 பேர் என 80 பேரைக் கேட்டபோது, ஜான் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று கொல்லப்பட்ட செய்தியை எப்படி அறிந்தோம் என்பதை ஒருவரைத் தவிர எல்லோராலும் சொல்ல முடிந்தது. ஆனால் இரு ஆய்வுகளிலும் ஒரே ஓட்டை. விவரமாகச் சொன்னார்களா என்று பார்த்தார்களே தவிர, சொன்னது சரியா என்று ஒத்துப்பார்க்க வழி இருக்கவில்லை. லிங்கன் இறந்த மறுநாள் அந்த 179 பேரிடம் யாரும் எழுதி வாங்கி வைத்திருக்கவில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் உளவியலாளர் உல்ரிக் நைசர், அதுவும் தன் நினைவையே சாட்சிக் கூண்டில் ஏற்றி. 1941 டிசம்பர் 7 அன்று, அவருக்கு 13 வயது நிறைய ஒரு நாள் இருந்தபோது, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது அதை நிறுத்திச் செய்தி சொன்னார்கள் என்பது அவர் நினைவு. டிசம்பரில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுவதே இல்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. 1982-இல் இதை அவர் எழுதியதும் எதிர்வாதம் வந்தது. அன்று நியூயார்க்கின் போலோ மைதானத்தில் ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் அணிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடின, அந்த ஒலிபரப்பு உண்மையிலேயே இடைநிறுத்தப்பட்டது, அதே பெயர்களில் பேஸ்பால் அணிகளும் இருந்ததால் சிறுவன் மனம் ஒன்றை மற்றொன்றாக்கிக்கொண்டது என்றார்கள். இது நைசரை மறுத்ததாகவும் கொள்ளலாம், ஆதரித்ததாகவும் கொள்ளலாம். வானொலி, ஆட்டம், குறுக்கீடு எல்லாம் சரி. ஆட்டம் எது என்பது மட்டும் மாறிவிட்டது. புகைப்படத்தில் கால்பந்து பேஸ்பாலாக மாறாது.

ஒத்துப்பார்க்கும் வாய்ப்பு 1986 ஜனவரி 28 அன்று அமைந்தது. சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். மறுநாள் காலையே நைசர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எப்படி அறிந்தார்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை ஆண்டுக்குப் பின் அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரைத் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். 7-க்கு மதிப்பெண் போட்டதில் சராசரி 3-ஐ எட்டவில்லை. 11 பேருக்குப் பூஜ்யம், முழு மதிப்பெண் 3 பேருக்கு மட்டும். முதலில் தொலைக்காட்சி வழியே அறிந்ததாக எழுதியவர்கள் 9 பேர். பிந்திய விசாரணையில் அப்படிச் சொன்னவர்கள் 19 பேர். வகுப்பில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, பிறகு அறைக்குப் போய்த் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு, பார்த்தது நின்றுவிட்டது, கேட்டது உதிர்ந்துவிட்டது. தங்கள் கையெழுத்திலேயே பழைய தாளைக் காட்டியும் முதல் நினைவு யாருக்கும் திரும்பவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தங்கள் பதில்களில் வைத்திருந்த நம்பிக்கை மிக உயரத்தில் இருந்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் டலாரிக்கோவும் ரூபினும் இன்னும் நுட்பமாக ஒன்று செய்தார்கள். 54 மாணவர்களிடம் தாக்குதல் செய்தி பற்றிய நினைவோடு, அதே நாட்களின் சாதாரண நிகழ்ச்சி ஒன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாரங்கள் செல்லச்செல்ல இரண்டு நினைவுகளும் ஒரே அளவில்தான் பிசகின. வேறுபட்டது உறுதி மட்டும். சாதாரண நினைவைப் பற்றி மாணவர்களுக்குத் தயக்கம் வந்தது, தாக்குதல் நினைவைப் பற்றி வரவில்லை. இந்த உறுதிக்கு அன்றைய அமெரிக்க அதிபரும் விலக்கில்லை. ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் இருந்த ஜார்ஜ் புஷ், வகுப்பறைக்குள் நுழையுமுன் முதல் விமானம் கோபுரத்தில் மோதியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகப் பின்னர் பொதுக்கூட்டத்தில் சொன்னார். அந்தக் காட்சி அப்போது எங்குமே ஒளிபரப்பாகியிருக்கவில்லை. சதிக்கதை விரும்பிகள் இதைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்பே தெரியும் என்றார்கள். எல்லாருக்கும் நேர்கிற நினைவுப் பிசகு அவருக்கும் நேர்ந்தது என்ற எளிய விளக்கத்தில் அவர்களுக்குச் சுவாரசியம் இருக்கவில்லைபோலும்.

இவ்வளவு பிசகும் நினைவு ஏன் இத்தனை உறுதியாகத் தோன்றுகிறது? அதிர்ச்சியின்போது சுரக்கும் அட்ரினலின், மூளையின் அமிக்டலா என்ற பகுதி வழியாக நினைவின் பதிவை வலுப்படுத்துகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. வலுப்படுவது பெரும்பாலும் நிகழ்ச்சியின் மையம். ஓரத்தில் கிடப்பவை அவ்வளவாக வலுப்படுவதில்லை. அதற்கு மேல், இந்த நினைவுகளை நாம் சும்மா விடுவதில்லை. 'அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று பிறர் கேட்கக்கேட்கச் சொல்கிறோம். சொல்லும்போது இடைவெளிகள் நிரம்புகின்றன, வரிசை சீராகிறது, இரண்டாவதாகக் கேட்டது முதலில் கேட்டதாக இடம் மாறுகிறது. அடுத்த முறை நினைவுக்கு வருவது நிகழ்ச்சியோடு, கடைசியாகச் சொன்ன கதையும்தான். பசுமரத்தாணி என்கிறோம்; ஆணி இருக்கிறது, மரம் அதைச் சுற்றி வளர்ந்தும்விட்டது.

இந்த நினைவுகள் பிசகுகின்றன என்ற முடிவுக்கு வலுவான மறுப்பு டென்மார்க்கிலிருந்து வந்தது. சேலஞ்சர் விபத்து கல்லூரி மாணவர்களுக்குத் தொலைவுச் செய்தி, சொந்த வாழ்க்கையையே புரட்டிய நிகழ்ச்சிகளுக்கு அதை அளவுகோலாக்கலாமா என்பது நியாயமான கேள்வி. 2005-இல் வெளியான ஆய்வில் பெர்ன்ட்சனும் தாம்சனும் 72 முதல் 89 வயதுள்ள 145 டேனியர்களிடம், 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நுழைந்ததையும் 1945 மே மாதம் விடுதலைச் செய்தி வந்ததையும் பற்றிக் கேட்டார்கள். அன்றைய வானிலை போன்ற விவரங்களைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, முதியவர்கள் எதிர்பார்த்ததைவிட வெகு துல்லியமாக இருந்தார்கள். எதிர்ப்பியக்கத்தோடு தொடர்பிருந்தவர்கள் இன்னும் துல்லியம். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இங்கே ஒத்துப்பார்க்கப்பட்டவை ஊருக்கே பொதுவானவை. விடுதலைச் செய்தி மே 4 மாலை பிபிசியின் டேனிய ஒலிபரப்பில் வந்தது. இன்றும் அந்த மாலையில் டேனியர்கள் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ஆண்டுதோறும் ஊரே கூடித் திருத்திக்கொடுக்கும் நினைவு பிசகாமல் இருப்பதில் வியப்பில்லை. செப்டம்பர் 11 பற்றி 3,000-க்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆய்வைத் தொடர்ந்த ஹர்ஸ்ட் குழுவின் முடிவும் இதோடு பொருந்துகிறது. நிகழ்ச்சி பற்றிய தவறுகளை ஊடகங்கள் காலப்போக்கில் திருத்திவிட்டன. செய்தியை எப்படி அறிந்தேன் என்பதில் முதல் ஆண்டில் நுழைந்த தவறு திருத்துவாரின்றிப் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. எல்லாவற்றிலும் மோசமாகப் பிசகியது, அப்போது தனக்கு என்ன உணர்ச்சி எழுந்தது என்பது பற்றிய நினைவு.

மறுநாள் எழுதியதே தவறாக இருக்கக்கூடாதா, இரண்டு பதில்கள் முரண்பட்டால் பிந்தியதுதான் தவறு என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்பார்கள். சேலஞ்சர் ஆய்வை மட்டும் வைத்து இதற்கு முழுப்பதில் கிடையாது. ஆனால் நடந்திருக்கவே முடியாதவற்றைப் பற்றிய நினைவுகள் இந்த வழக்கைத் தீர்த்துவைக்கின்றன. 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் ஆல் சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. அது மோதும் காட்சி படமாக்கப்படவே இல்லை. ஆனாலும் நெதர்லாந்தில் கேட்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அப்படியானால் இந்த நினைவுகளால் என்ன பயன்? யாருக்கு எது தன் துயரம் என்பதை இவை காட்டிக்கொடுக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்டது பற்றிய பளிச்சொளி நினைவு, பிரவுன், குலிக் ஆய்வில் கறுப்பர்களில் முக்கால் பங்கினருக்கும் வெள்ளையர்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் இருந்தது. ஒரே நாடு, ஒரே செய்தி. வாய்மொழி வரலாறு சேகரிப்பவருக்கு இது அரிய சான்று. நேரமும் வழியும் வேண்டுமென்றால்தான் வேறு ஆதாரம் தேட வேண்டும். 1984 அக்டோபர் 31 காலை 9 மணிக்குச் சற்றுப் பின் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது, பிபிசி அதற்கு முன்பே சொல்லிவிட்டது. காலையிலேயே ஆகாசவாணியில் மரணச்செய்தி கேட்டேன் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வானொலியைத் திறக்குமுன் தெருவில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டுப் பார்க்கலாம்.